நூலா, முடுக்கமானியா? வீட்டில் செய்யும் பார் வேகமானியில் பிழையின் இயல்பு

பாரில் எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறது என்பதைத் தட்டுகளே சொல்லிவிடும். அதைத் தூக்கியவரிடம் இன்னும் எவ்வளவு வலு மிச்சம் இருந்தது என்பதை அவை சொல்லமாட்டா. அந்த மிச்சத்தை அறிய வேகம் வேண்டும். சுமை கூடக்கூடத் தசை சுருங்கும் வேகம் குறைவதை ஏ. வி. ஹில் தவளைத் தசையில் அளந்து 1938-இல் சமன்பாடாக்கினார். கொன்சாலஸ்-படியோ, சான்செஸ்-மெதினா என்ற ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் அந்த உறவைத் துல்லியமாகக் காட்டினார்கள். ஒரே ஒருமுறைதான் தூக்க முடியும் என்கிற உச்சச் சுமையில் பாரின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 0.16 மீட்டர். பயிற்சிக்குப் பின் உச்சச் சுமை கூடியபோதும் அந்த வேகம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. உச்சச் சுமையைத் தொடாமலே ஒருவரின் அன்றைய வலுவை மதிப்பிட இது வழி திறந்தது.

வீட்டில் செய்யும் கருவிக்கு உரைகல்லும் இந்த 0.16 தான். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை வந்தால், பயிற்சியை மாற்றும் முடிவை அந்தக் கருவியை நம்பி எடுக்கக் கூடாது என்பது என் நிலை.

பலரும் முதலில் கையில் எடுப்பது எம்பியு-6050 போன்ற மலிவான முடுக்கமானிச் சில்லை. பாரில் ஒட்டினால் போதும், நூலோ உருளையோ வேண்டாம். ஆனால் அது தருவது முடுக்கம். வேகம் வேண்டுமென்றால் அதைத் தொகையிட வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பார் 5 பாகை சாய்ந்தாலே புவியீர்ப்பின் பங்கு நொடி வர்க்கத்துக்கு 0.037 மீட்டர் பிசகும். சில்லின் சொந்தப் பிசகும் சேர்ந்து 0.05 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 நொடியில் வேகப் பிழை நொடிக்கு 0.1 மீட்டர், 10 நொடி நீளும் ஒரு செட்டின் முடிவில் நொடிக்கு 0.5 மீட்டர். அளக்க வந்த அளவையே பிழை விழுங்கிவிடுகிறது. பார் அசையாமல் நிற்கும்போதெல்லாம் வேகத்தைச் சுழியாக்கிக்கொள்ளலாம் என்பார்கள். ஒவ்வொரு முறையும் பாரைத் தரையில் வைத்து எடுக்கும் டெட்லிஃப்ட்டுக்கு அது சரி. மார்பைத் தொட்டவுடன் மேலேறும் பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நிற்பதே இல்லையே!

பாரில் கட்டிய நூல் உருளையைச் சுழற்ற, அதோடு சுழலும் என்கோடர் இடப்பெயர்ச்சியை நேரடியாக எண்ணுகிறது. சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரில் இரு தடங்களின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 2400 கிடைக்கும். உருளையின் சுற்றளவு 20 செ.மீ. என்றால் ஓர் எண்ணிக்கை 0.083 மி.மீ. இங்கேயும் பிழை உண்டு. நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் போகும் பாரை 1 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்த்தால் மூன்று, நான்கு எண்ணிக்கைதான் தேறும். ஒன்று பிசகினாலும் கால் பங்குக்கு மேல் தவறு. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்த்தால் 36 எண்ணிக்கை. பிழை 3 சதவீதத்துக்குள் அடங்குகிறது. இந்தப் பிழை அந்தந்தக் கணத்தோடு போய்விடும், அடுத்த தூக்கலுக்குத் தொற்றாது. நான் நூலின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான். சேர்ந்துகொண்டே போகும் பிழை ஒழுங்கான வளைகோடாக வந்து உண்மை போலவே தோன்றும். சிதறும் பிழை வரைபடத்தில் பல்வரிசையாகத் தெரிந்து, பார்ப்பவரை எச்சரிக்கும்.

நூலுக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பதற்கில்லை. போட்டித் தட்டின் விட்டம் 45 செ.மீ.; தரையில் இருக்கும் பாரின் மையம் 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். நூல் வெளிவரும் துளை பாருக்கு நேர் கீழே இல்லாமல் 10 செ.மீ. தள்ளி இருந்தால், பார் தரையை விட்டு எழும் கணத்தில் வேகம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகப் பதிவாகும். அதே பார் 1 மீட்டர் உயரம் போனதும் பிழை அரை சதவீதம்தான். பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் அது முன்னும் பின்னும் வளைந்து செல்வதால் இந்தக் கோணப் பிழையை முழுக்க நீக்க முடியாது. 2010 ஆய்வு நடந்தது ஸ்மித் இயந்திரத்தில். அங்கே பார் தண்டவாளத்தில் ஓடுவது போல் நேராக ஏறி இறங்கும். அதன் எண்களைக் கட்டற்ற பாருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இன்னொன்று, 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட பார் நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகம் எடுக்கும். உருளையைத் திரும்பச் சுற்றும் சுருள்வில்லால் அந்த வேகத்தில் நூலை இழுத்துச் சுற்ற முடியாது, நூல் தொய்ந்துவிடும். எனவே ஏறும்போது பதிவானதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

உருளையில் நூல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதுதான் பலர் கவனிக்கத் தவறும் பிழை. 1 மி.மீ. தடிப்புள்ள நூல் ஓர் அடுக்கு ஏறினாலே 64 மி.மீ. விட்டம் 66 ஆகிவிடும். அதாவது 3 சதவீதம். உருளையை அகலமாக்கி, நூல் பக்கம்பக்கமாகப் படியும்படி செய்வதே தீர்வு. நைலான் தூண்டில் நரம்பு இழுபடும். பின்னல் நூல் அவ்வளவாக இழுபடாது.

சரிபார்க்க ஓர் எஃகு அளவுநாடா போதும். அதைத் தரையில் நீட்டி, நூலின் முடிச்சை 1 மீட்டர் கோடுவரை மெல்ல இழுத்தால் 12,000 எண்ணிக்கை வர வேண்டும். பத்து முறை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்திலும் எண் நெருங்கி வந்து, 12,000-இலிருந்து மட்டும் விலகியிருந்தால் கவலையில்லை; ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை மி.மீ. என்பதைத் திருத்தினால் போதும். எண்கள் ஒன்றுக்கொன்று விலகிச் சிதறினால் நூல் வழுக்குகிறது, அல்லது உருளை அச்சில் தளர்ந்திருக்கிறது. எந்த நிரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. திருகாணியை இறுக்கிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். நூலை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே பத்து இழுப்பு தேவை. அதற்கு முன் எடுத்த அளவுகளையும் பின் எடுத்தவற்றையும், இரண்டுக்கும் உரிய திருத்த எண்ணைக் குறிக்காமல் ஒரே வரைபடத்தில் சேர்க்கக் கூடாது.