மிலேட்டஸ்: கடல் வளர்த்த நகரம், ஆறு மூடிய நகரம்

கி.மு. 585ஆம் ஆண்டு. லிடியரும் மீடியரும் போர்க்களத்தில் மோதிக்கொண்டிருந்தபோது பகல் திடீரென இருண்டது. இரு படைகளும் ஆயுதங்களைக் கீழே வைத்துச் சமாதானம் பேசின. அந்தச் சூரிய கிரகணத்தை மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் முன்னதாகவே அறிவித்திருந்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அறிவித்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்படியொரு புகழ் மிலேட்டஸ்காரர் ஒருவருக்குச் சேர்ந்ததில் வியப்பில்லை.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், மியாண்டர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே நீண்டிருந்த நிலமுனையில் அந்த நகரம் இருந்தது. அதற்கு நான்கு துறைமுகங்கள் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிக்கிறார். மிலேட்டஸின் மெல்லிய கம்பளித் துணிக்குக் கடல் கடந்தும் பெயர் இருந்தது. கருங்கடலைச் சுற்றி சினோப், ஓல்பியா, பன்டிகபேயம் எனக் குடியேற்றங்கள் எழுந்தன. எகிப்தின் நாக்ரடிஸ் வணிகத்தளத்திலும் மிலேட்டஸ்காரர்கள் இருந்தார்கள். தானியத்தோடும் மீனோடும் திரும்பிய கப்பல்கள் தொலைநாட்டுச் செய்திகளையும் சுமந்து வந்தன.

அந்தத் துறைமுகங்களின் ஆரவாரத்தில்தான் ஒரு புதிய கேள்வி பிறந்தது: உலகம் எதனால் ஆனது? தெய்வங்களின் கதைகளுக்குள் போகாமல் தேலீஸ் விடை தேடினார். நீரே எல்லாவற்றுக்கும் மூலம் என்றார். அவருக்கு அடுத்து வந்த அனாக்சிமாந்தர் அதை ஏற்கவில்லை. எல்லையும் வடிவும் இல்லாத ஒன்றே மூலம் என்று வாதிட்டார். பூமி எதன்மீதும் தாங்கப்படாமல் நடுவெளியில் நிற்கிறது என்று சொன்னவரும் அவரே. மூன்றாமவரான அனாக்சிமினிஸ், காற்று செறிந்தும் நெகிழ்ந்தும் மற்றப் பொருள்களாக மாறுகிறது என்றார்.

இம்மூவரின் விடைகளும் இன்று நிற்கவில்லை. ஆயினும் முன்னவரை மதித்துக்கொண்டே அவரை மறுக்கலாம் என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது. மிலேட்டஸ் உலகுக்குத் தந்த பெருஞ்செல்வம் அதுதான்.

அறிவரங்கில் வளர்ந்த இந்த வழக்கம் அரசியலில் எடுபடவில்லை. கி.மு. 499இல் ஆட்சியாளன் அரிஸ்டாகோரஸ் பாரசீகத்தை எதிர்த்துக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டான். ஆலோசனைக் கூட்டத்தில் ஒரே ஒருவர் மறுத்துப் பேசினார். அவர் பல நாடுகளைப் பற்றி எழுதிய புவியியல் அறிஞர் ஹெகடேயஸ். பாரசீக மன்னனுக்குக் கட்டுப்பட்ட மக்களையும் அவனது வலிமையையும் அடுக்கிக் காட்டினார். யாரும் செவிசாய்க்கவில்லை. போர் உறுதியென்றால் அருகிலிருந்த டிடிமா கோயிலின் செல்வத்தைக் கொண்டு கடற்படையைப் பெருக்குங்கள் என்றார். அதையும் தள்ளினார்கள்.

கி.மு. 494இல் நகருக்கு எதிரேயிருந்த லாடே தீவருகே 353 கிரேக்கக் கப்பல்கள் 600 பாரசீகக் கப்பல்களை எதிர்கொண்டதாக ஹெரோடோட்டஸ் கணக்கிடுகிறார். போர் தொடங்கியதும் சாமோஸ் தீவினரில் பெரும்பாலோர் பாய் விரித்து விலகினர். மிலேட்டஸ் வீழ்ந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாயினர். இந்த வீழ்ச்சியை ஃபிரினிகஸ் ஏதென்ஸில் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்து, நாடகத்துக்கும் தடை போட்டார்கள்.

நகரம் மீண்டும் எழுந்தது. செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் நேர்த்தெருக்களோடு அது புதிதாக அமைக்கப்பட்டது. அந்த மண்ணின் மைந்தர் ஹிப்போடாமஸ் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுக நகரை வடிவமைத்தார். ரோமானியர் காலத்தில் சுமார் 15,000 பேர் அமரும் அரங்கமும் பெரும் சந்தை வாயிலும் மிலேட்டஸில் நிமிர்ந்து நின்றன. அந்த வாயில் இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படைகளால் நிரந்தரமாக அழிக்க முடியாத நகரை மியாண்டர் மெல்ல மூடியது. ஆண்டுதோறும் ஆறு கொணர்ந்த வண்டல் வளைகுடாவைத் தூர்த்தது. கப்பல் வரத்து குறைய, வணிகம் சுருங்கியது; மக்களும் குறைந்தனர். இன்று கடல் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லாடே தீவு சமவெளி நடுவே ஒரு மேடு.

நகரம் தளர்ந்த காலத்திலும் அதன் கல்வி மரபு மங்கவில்லை. 532இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஹாகியா சோபியாவை எழுப்பத் தொடங்கிய இரு வல்லுநர்களில் ஒருவர் மிலேட்டஸின் இசிடோர். ஆர்க்கிமிடீஸின் நூல்களுக்கு யூட்டோசியஸ் எழுதிய உரைகளைச் சீர்செய்து அடுத்த தலைமுறைக்குக் கையளித்தவரும் அவரே.