ஹீல்ஸ் வாங்கப் போறீங்களா? எத்தனை இன்ச் என்று மட்டும் பார்த்தால் போதாது

ஆன்லைனில் ஹீல்ஸ் என்று தேடினால் ஸ்டிலெட்டோ, பிளாக், கிட்டன், வெட்ஜ், கோன் எனப் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். படத்துக்குக் கீழே '3 இன்ச்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். எட்டு மணி நேர ஆபீஸ், நடுவில் மெட்ரோ படிக்கட்டு, சாயங்காலம் ஒரு ரிசப்ஷன் என்று ஓடும் உங்களுக்கு அந்த ஒரு எண் பெரிதாக எதையும் சொல்லாது. ஏன்னு பார்க்கலாம்.

யானையா, ஸ்டிலெட்டோவா?

ஸ்டிலெட்டோ என்றால் இத்தாலிய மொழியில் மெல்லிய குத்துவாள். 1950களில் பிரபலமானது. அவ்வளவு ஒல்லியாக மரத்தில் செய்தால் உடைந்துவிடும். உள்ளே உலோகக் கம்பி வைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வடிவம் தாக்குப்பிடித்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உங்கள் எடை 60 கிலோ, அதில் பாதி ஒரு குதிகாலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி 1 சதுர செ.மீ. என்றால், அந்த இடத்தில் 30 கிலோ. அதே 30 கிலோ, 4 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள பிளாக் ஹீலில் இறங்கினால், சதுர செ.மீ.க்கு 2 கிலோவுக்கும் குறைவு. 4,000 கிலோ யானையின் ஒவ்வொரு பாதமும் 1,000 சதுர செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் அதன் கணக்கு 1 கிலோதான். பஸ்ஸில் யாராவது ஸ்டிலெட்டோவால் உங்கள் காலை மிதித்திருந்தால் இதை விளக்கவே வேண்டாம். புல்தரையில் நடக்கும் ரிசப்ஷனுக்கு ஸ்டிலெட்டோ ஏன் ஆகாது என்பதற்கும் இதுதான் காரணம். மண்ணுக்குள் இறங்கிவிடும்.

அப்போ பிளாக் ஹீல் பாதுகாப்பா? கணுக்கால் பிசகாமல் இருக்க உதவும், அதுவரை சரி. ஆனால் முழங்கால் கதை வேறு. 2001இல் லான்செட் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வெறுங்காலோடு நடப்பதையும் ஹீல்ஸோடு நடப்பதையும் ஒப்பிட்டது. முழங்காலின் உட்பக்கத்தை அழுத்தும் திருகுவிசை ஒல்லியான ஹீலில் 22%, அகலமான ஹீலில் 26% கூடியிருந்தது. அகலமான ஹீல் சௌகரியமாக இருப்பதால் நாள் முழுக்கப் போட்டுக்கொள்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கோன் ஹீல் ஐஸ்கிரீம் கோன் போல மேலே அகலம், கீழே ஒடுக்கம். ஸ்பூல் ஹீல் உடுக்கை மாதிரி, இடுப்பு மட்டும் ஒல்லி. கிட்டன் ஹீல் ஒல்லிதான், ஆனால் 2 இன்ச்சுக்கு மேல் போகாது. தினசரி ஆபீஸுக்கு என் ஓட்டு இதற்கே.

வெட்ஜ், பிளாட்ஃபார்ம்: கழித்துப் பாருங்கள்

வெட்ஜ் பிறந்த கதை சுவாரசியமானது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்ததால் இத்தாலி பொருளாதாரத் தடையைச் சந்தித்தது. ஷூவின் நடுப்பகுதியைத் தாங்கும் நல்ல ஸ்டீல் கிடைக்கவில்லை. வடிவமைப்பாளர் சல்வடோர் ஃபெராகமோ, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை கார்க் வைத்து அடைத்துவிட்டார். எடை பாதம் முழுக்கப் பரவியது.

பிளாட்ஃபார்மில் முன்பக்கமும் உயர்ந்திருக்கும். பின்னால் 4 இன்ச், முன்னால் 1.5 இன்ச் என்றால், உங்கள் பாதம் சாய்வது 2.5 இன்ச் மட்டுமே. இந்தக் கழித்தல் கணக்கைத்தான் விற்பனைப் பக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்காக பயமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அடிப்பாகம் வளையாது, தரை காலுக்குத் தெரியாது, பிசகினால் பலமாகவே பிசகும்.

இன்னொன்று. வருடக்கணக்கில் தினமும் ஹீல்ஸ் போட்டவர்களுக்கு, அதைக் கழற்றி வெறுங்காலில் நடந்தால் கெண்டைக்கால் இழுக்கும். 5 செ.மீ.க்கு மேல் வழக்கமாக அணிந்த பெண்களை 2010இல் ஆராய்ந்தபோது, கெண்டைக்கால் தசைநார்கள் சுமார் 13% குட்டையாகியிருந்தன; அகில்லெஸ் தசைநாண் விறைப்பாகியிருந்தது. அதனால் ஒரே நாளில் ஃபிளாட்டுக்குத் தாவாமல், படிப்படியாக உயரத்தைக் குறைப்பது நல்லது.

ஆபீஸ் கட்டாயப்படுத்தினால்?

2019இல் ஜப்பானில் நடிகை யூமி இஷிகாவா வேலையிடங்களில் ஹீல்ஸ் கட்டாயத்தை எதிர்த்து 'குடூ' இயக்கத்தைத் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் காலணி, வலி என்ற இரண்டு சொற்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். அதோடு மீ டூவையும் சேர்த்த பெயர் அது. மறுவருடமே ஜப்பான் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களுக்கான ஹீல்ஸ் விதியைக் கைவிட்டது. பிலிப்பைன்ஸும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2017லேயே இந்தக் கட்டாயத்துக்கு எதிராக விதி கொண்டுவந்துவிட்டன.

இந்தியாவில் ஆகாசா ஏர் 2022இல் பணிக்குழுவுக்கு ஸ்னீக்கர்ஸையே சீருடையாக்கியது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அது நாற்காலி பற்றியது, காலணி பற்றியது அல்ல. எனவே புது வேலையில் சேரும்போது டிரஸ் கோடை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் 'ஃபார்மல் ஷூ' என்று மட்டும் இருந்தால், ஃபார்மலான ஃபிளாட்டும் அதில் அடங்கும் என்று ஹெச்.ஆரிடம் தாராளமாகச் சொல்லலாம்.