அப்பிச்சி பறக்கவே இல்லை

நேத்து சோளத்தட்டு அறுத்துக்கிட்டு இருந்தப்ப தலைக்கு மேல தேஜஸ் விமானம் ரெண்டு போச்சு. சூலூர் ஏர்ஃபோர்ஸ் பக்கத்துலயே இருக்கறதால எங்களுக்கு இது தினப்படி சங்கதி. மாடுகூட நிமிர்ந்து பார்க்காது. நான் மட்டும் பார்ப்பேன். அப்பிச்சி ஞாபகம் வந்துரும்.

அப்பிச்சின்னா அம்மாவோட அப்பா. கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஊர்ல அவருக்குப் பேரு ‘ஏரோப்ளேன்காரர்’. இரண்டாம் உலகப்போர்ல ஏரோப்ளேன் ஓட்டுனவர்னு எல்லாரும் நினைச்சாங்க. பள்ளிக்கூடத்துல நானும் அப்படித்தான் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். உண்மையில அவர் ஓட்டவும் இல்லை, ஏறிப் பறக்கவும் இல்லை. கோயமுத்தூர் மில்லுல மெக்கானிக்கா இருந்து, 1942-ல விமானப்படைக்குப் போன இஞ்சின் ஃபிட்டர்.

1933-ல நாலு வாப்பிட்டி விமானம், அஞ்சு பைலட்டோட பறக்க ஆரம்பிச்ச படை அது. போர் முடியறப்ப சுமார் 28,500 பேர் இருந்தாங்க. அதுல அதிகாரிகள் 1,600 பேர் போல. மிச்சப் பேர்ல பெரும்பாலும் அப்பிச்சி மாதிரி கிரீஸ் படிஞ்ச கைகள்தான்.

அவர் இருந்தது இம்பாலில், 1-ம் ஸ்குவாட்ரன். தலைவர் அர்ஜன் சிங், பின்னாளில் விமானப்படை மார்ஷல் ஆனவர். 1944 மார்ச் கடைசியில ஜப்பான் படை கோஹிமா ரோட்டை அடைச்சுட்டது. ஜூன் 22-ல ரோடு திறக்கற வரைக்கும் தீனி, பெட்ரோல், குண்டு எல்லாமே ஆகாயத்துலதான் வந்தாகணும். மழையும் சேறும் வேற. இவங்களோட ஹரிக்கேன் விமானங்கள் ரெண்டு ரெண்டாப் போய், தாழப் பறந்து, எதிரி எங்க ஒளிஞ்சிருக்கான்னு பார்த்துட்டு வரும். “வாலுப் பக்கம் பாதி உடம்பு வெறும் துணிதான் கண்ணு, நம்ம படுதா மாதிரி” என்பார்.

விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி, இஞ்சினைப் பார்த்த ஃபிட்டர் ‘ஃபாரம் 700’-ங்கிற தாள்ல கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் பைலட் கையெழுத்து. ஒருநாள் ரெண்டு போய் ஒண்ணுதான் திரும்புச்சு. வராததுக்குக் காலையில கையெழுத்துப் போட்டவர் அப்பிச்சி. குண்டு பட்டதா, மேகத்துல மலை தெரியாம மோதுச்சா, இல்லை இஞ்சினே நின்னுபோச்சா, யாருக்கும் தெரியலை. இதை எங்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னார், கிணத்து மேட்டுல வச்சு. “எம் பக்கம் தப்பில்லைன்னுதான் நினைக்கறேன்”னு முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

ஊருக்குத் திரும்பின பிறகு சுத்துப்பட்டு ஆயில் இஞ்சின் எல்லாம் அவர்தான் பார்ப்பார். இஞ்சின் ஓடுனதும், “ஆச்சுங்களா?”ன்னு தோட்டத்துக்காரர் கேட்டா, பதிலே வராது. தண்ணி கடைசிப் பாத்தி பாயற வரைக்கும் வாய்க்கா மேட்டுலயே உட்கார்ந்திருப்பார். அதுக்கப்புறம்தான் காசு வாங்குவார். சின்ன வயசுல எனக்கு அது கிறுக்குத்தனமாப் பட்டுச்சு.

1994-ல தவறிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் பிரஸ்ஸுல மேட்டர் எழுதிக் குடுத்தது நான்தான். ‘முன்னாள் போர் விமானி’ன்னு எழுதுனேன். ஃபிட்டர்னு போட்டா எடுப்பா இருக்காதுன்னு அப்ப நினைச்சேன். கிணத்து மேட்டுப் பேச்சு நடந்து மூணு வருசம்கூட ஆகலை.

அவரோட தகரப் பொட்டி எங்கிட்டதான் இருக்கு. உள்ள பர்மா ஸ்டார் மெடல் ஒண்ணு, ஸ்பேனர் ரெண்டு. எல்லாம் இஞ்ச் அளவு. இப்ப வர்ற மோட்டார் போல்ட்டுக்குச் சேராது. வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட்டுத் துடைச்சு வைக்கறேன்.