துண்டு எண் 2096/70

பெரகலச் சந்தியில் பஸ் நின்றால் இரண்டு கூப்பாடு கேட்கும். ஒருவன் ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளை என்பான். மற்றவன் கொஸ்லந்தை, வெல்லவாய என்பான். கொழும்பிலிருந்து ஏறி வரும் பெருந்தெரு இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே பார்த்தால் மலை சட்டென்று அறுந்து, கீழ்நாடு முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். பனி மூடினால் அதுவும் இல்லை. அரிசி மூடையானாலும் அரசியல்வாதியானாலும் இந்த வழியாக ஊவாவுக்கு ஏறுவது எதுவும் இந்தச் சந்தியைத் தொட்டுத்தான் போக வேண்டும். 2018 நவம்பர் 9 இரவு கொழும்பில் புறப்பட்ட ஒரு தாள் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பேசிகளில் படமாக ஏறி வந்துவிட்டது.

அதன் பெயர் 2096/70. அதிவிசேட வர்த்தமானி. பாராளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5 அன்று பொதுத் தேர்தல் என்று அறிவித்து, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்ட பிரகடனம். நாலே நாள் நடமாடியது. ஒரு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தது. டிசம்பர் 13 அன்று செத்தது. செத்தது என்றுகூடச் சொல்லக் கூடாதோ என்னவோ; நீதிமன்றத்தின் கணக்கில் அது பிறக்கவே இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் இப்படிப்பட்ட தாள்களுக்குத் துண்டு என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்கு ஒரு கெட்ட பூர்வீகமும் உண்டு. கங்காணிக்கும் அவனுடைய ஆட்களுக்கும் எவ்வளவு கடன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அந்தக் காலத்துத் துண்டு. அதிலுள்ள தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆட்கள் கூட்டத்தோடு கைமாறினார்கள். 1921-இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். ஆனால் எங்கோ ஒருவர் எழுதும் தாள் நம் தலையை நகர்த்தும் என்ற அறிவு லயத்து வீடுகளை விட்டுப் போகவில்லை. போகவும் விடவில்லை. 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து குடியுரிமை போனது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1952-இல் ஒருவரைக்கூட அனுப்ப முடியாமல் நின்றது. அந்தச் சட்டங்களை எதிர்த்துக் கோடகன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953-இல் தோற்றுத் திரும்பியது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேர் பிறகு பார்ப்போம். வெளியேற வேண்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் இங்கே நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாராளுமன்றம் அரசாங்கத்தைத் தடுக்குமா என்று ஊர் உலகம் பேசும்போது, பாராளுமன்றத்தை நல்லவன் வேடத்தில் நிறுத்திவிடுகிறோம். மலையகத்துக்காரனால் அப்படிச் சட்டென்று நிறுத்த முடியாது. அவனுடைய குடியுரிமையைப் பறித்தது ஜனாதிபதி அல்ல, இராணுவம் அல்ல. பாராளுமன்றம், முறைப்படி வாக்கெடுத்து.

இனி 2096/70-க்கு வருவோம். 2018 அக்டோபர் 24 அன்று மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் கூடினார்கள். அடிப்படை நாட்சம்பளம் அப்போது 500 ரூபாய். 1000 ரூபாய் கேட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது இரண்டே நாள்தான். 26 மாலை சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். மறுநாள் பாராளுமன்றத்தை நவம்பர் 16 வரை ஒத்திவைத்தார். 29ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவின் நான்காம் ஆண்டு நினைவு நாள். பெரகலயிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கினால் அந்த மலை. அன்றைக்குப் பத்திரிகைகளில் அதற்கு இடம் இருக்கவில்லை.

ஒத்திவைப்பின் நோக்கம் 113. இருநூற்று இருபத்தைந்து பேர் உள்ள சபையில் பாதிக்கு மேல் ஒருவர் வேண்டும்; அதைத் திரட்ட அவகாசம் வேண்டும். ஆள் பிடிக்கும் வேலை மலைக்கும் வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆறுமுகன் தொண்டமான் மகிந்தவின் அமைச்சரவையில் அமர்ந்தார். மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி ரணிலோடு நின்றது. பதுளை மாவட்ட உறுப்பினர் வடிவேல் சுரேஷ் மகிந்தவின் பக்கம் போய் இராஜாங்க அமைச்சரானார். பிறகு சபை கூடிய நாளில் பழைய பக்கத்துக்கே திரும்பினார். இந்தச் சந்தியில் பஸ் மாறுவது போல.

எண்ணிக்கை சேரவில்லை. நவம்பர் 6 தீபாவளி. அது முடிந்து மூன்றாம் நாள் அரச அச்சகத் திணைக்களத்தைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்து ஒரு வர்த்தமானி வந்தது. பாதுகாப்பு அமைச்சர் சிறிசேனவேதான். அச்சு இயந்திரத்தைப் பாதுகாப்பில் வைத்தபோதே அடுத்து என்ன அச்சாகும் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றிரவே 2096/70 பிறந்தது.

அது நான் பார்த்த நேரத்தில் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தது. கடைக்காரரின் கைப்பேசியில், மங்கலாக, இலங்கை அரசின் இலச்சினையோடு. கொழுந்துச் சாக்கை மடித்து இடுக்கியிருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏண்ணே, இந்தத் துண்டுல நம்ம ஆயிரம் ரூவா இருக்கா?"

"இல்லக்கா. பாராளுமன்றத்தக் கலச்சிட்டாங்களாம்."

"காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டு கலையுமா?"

"அது கலையாது."

"அப்ப சரி" என்று போய்விட்டார். அந்த ஒரு மாதத்தில் நான் கேட்ட அரசியல் விமர்சனங்களில் இதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

திங்கட்கிழமை, நவம்பர் 12, தாள் நீதிமன்றம் ஏறியது. இரா. சம்பந்தன், மனோ கணேசன், ஐக்கிய தேசியக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி எனப் பலர் மனுப் போட்டார்கள். மனுதாரர்களில் ஒருவர் தேர்தல்கள் ஆணைக்குழுவின் உறுப்பினர் ரட்ணஜீவன் ஹூல். தேர்தலை நடத்த வேண்டியவரே இந்தத் தேர்தல் செல்லாது என்று போய் நின்றார். சண்டை அரசியலமைப்பின் இரண்டு உறுப்புரைகளுக்கு இடையில். ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கூட்டலாம், ஒத்திவைக்கலாம், கலைக்கலாம் என்கிறது 33(2)(இ). கலைக்கலாம், ஆனால் முதல் கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டு கழிய வேண்டும். அதற்கு முன் கலைப்பதானால் சபையே மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் கேட்க வேண்டும் என்கிறது 70(1). இரண்டாவதை இப்படி இறுக்கியது 2015-இன் 19ஆவது திருத்தம். அதைக் கொண்டுவந்தது சிறிசேனவின் சொந்த ஆட்சி. சபை முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. ஆகியிருந்தது மூன்று ஆண்டும் இரண்டு மாதமும்.

13ஆம் திகதி மாலை, பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையில் மூன்று பேர் கொண்ட அமர்வு, தாளை டிசம்பர் 7 வரை முடக்கியது. இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. ஒத்திவைப்புக்கான பழைய வர்த்தமானியை இடையில் சிறிசேனவே திருத்தி, சபை கூடும் நாளை 14 என்று முன்னுக்குக் கொண்டு வந்திருந்தார். கலைப்புத் துண்டு மயங்கி விழுந்ததும் அதன் கீழே அமுங்கிக் கிடந்த பழைய துண்டுக்கு மூச்சு வந்துவிட்டது. மறுநாள் காலை சபாநாயகர் கரு ஜயசூரிய சபையைக் கூட்டினார். ஜனாதிபதியின் கையெழுத்தே ஜனாதிபதிக்கு எதிராகக் கதவைத் திறந்துவிட்டது.

உள்ளே நடந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 14 அன்று குரல் வாக்கெடுப்பில் நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறியது, 122 பேரின் கையொப்பத்தோடு. ஜனாதிபதி ஏற்கவில்லை. 16 அன்று நாற்காலிகள் பறந்தன, மிளகாய்த்தூள் பறந்தது, சபாநாயகர் பொலிஸார் சூழ வந்து வாக்கெடுத்தார். அதையும் ஏற்கவில்லை. வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் வாங்காத அரசாங்கத்தைச் சபை என்ன செய்ய முடியும்? பணப்பையைப் பிடித்தார்கள். 29 அன்று பிரதமர் செயலகத்தின் செலவை நிறுத்தும் பிரேரணையை 123 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். டிசம்பர் 3 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம், மகிந்தவும் அவருடைய அமைச்சர்களும் அந்தப் பதவிகளில் இயங்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒரே குரலில் 2096/70-ஐ ஆரம்பத்திலிருந்தே வெற்றானது என்றார்கள். 15 அன்று மகிந்த விலகினார், 16 அன்று ரணில் மறுபடி பதவியேற்றார்.

இதே கூத்து லண்டனில் அரங்கேறியது ஒன்பது மாதம் கழித்து. இந்த ஒன்றில் நாம் வெள்ளைக்காரனை முந்திக்கொண்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று 2016-இல் பிரித்தானிய மக்கள் வாக்களித்திருந்தார்கள். எந்த உடன்படிக்கையோடு என்பதில்தான் இழுபறி. பிரதமர் தெரேசா மே கொண்டுவந்ததைச் சபை மூன்று தடவை தள்ளியது. உடன்படிக்கை இல்லாமல் போவதையும் அதே சபை வேண்டாம் என்றது. ஆனால் வெறும் வேண்டாம் அங்கே எதையும் நிறுத்தாது. தேதி சட்டத்தில் குறித்தாகிவிட்டது. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த நாள் இரவில் நாடு வெறுங்கையோடு வெளியே நிற்கும். லயத்துக் கூரைத் தகரம் போல: பிய்ந்து விழ யாருடைய அனுமதியும் வேண்டாம், விழாமல் பிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜோன்சன் 2019 ஆகஸ்ட் 28 அன்று அரசியின் பெயரால் ஒரு தாள் வாங்கி, சபையை ஐந்து வாரம் மூட வைத்தார். மூடுவதற்குள் கிடைத்த சில நாட்களில் சபை தன் பங்குக்கு ஒரு தாள் தயாரித்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஹிலரி பென் கொண்டுவந்த சட்டம் அது. அக்டோபர் 19-க்குள் உடன்படிக்கையையோ உடன்படிக்கை இல்லாமல் போவதையோ சபை ஏற்காவிட்டால், பிரதமர் ஐரோப்பாவிடம் தவணை கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்ற வாசகத்தைக்கூடச் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். தவணை கேட்பதை விடப் பள்ளத்தில் செத்துக் கிடப்பேன் என்று சொல்லித் திரிந்த மனிதருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது போல மாதிரிக் கடிதம்.

செப்டெம்பர் 24 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் ஒருமனதாக, சபையை மூடிய ஆணை செல்லாது என்றார்கள். அது வெற்றுத் தாளுக்குச் சமம் என்று நீதிமன்றத் தலைவர் லேடி ஹேல் வாசித்தார். அக்டோபர் 19 இரவு ஜோன்சன் அந்தத் தவணைக் கடிதத்தை அனுப்பினார். அனுப்பியது நகல். அதில் கையெழுத்துப் போடவில்லை. கூடவே, தவணை தருவது தவறு என்று இன்னொரு கடிதம், அதில் அழகாகக் கையெழுத்து. பிரஸ்ஸல்ஸில் இருந்த ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் கையெழுத்து இல்லாததைத்தான் கோரிக்கையாக எடுத்துக்கொண்டார். 2020 ஜனவரி 31 வரை தவணை கிடைத்தது. அந்த நாளில் பிரித்தானியா விலகியது, உடன்படிக்கையோடு.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கொழும்புத் தாளில் கையெழுத்து, இலச்சினை, அரச அச்சு எல்லாம் இருந்தன, உயிர் இல்லை. லண்டன் தாளில் கையெழுத்தே இல்லை, வேலை செய்தது. ஒன்றுக்குப் பின்னால் சட்டம் நிற்கவில்லை, மற்றதற்குப் பின்னால் நின்றது. அந்தச் சட்டத்தைச் சபை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும், 19ஆவது திருத்தம் போலவோ பென் சட்டம் போலவோ. ஆபத்து வந்த அன்று நாற்காலி தூக்கிப் பயனில்லை. எழுதியதை அழிக்கவும் சபையால் முடியும். 2020-இன் 20ஆவது திருத்தம் நாலரையை இரண்டரை ஆண்டாக்கியது. அதற்கு முன்பே, 2020 மார்ச் 2 அன்று, நாலரை ஆண்டு நிறைந்த மறுநாள், புதிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதே சபையைக் கலைத்தார். அந்தத் துண்டு 2096/70-இன் உடன்பிறப்புதான். யாராலும் அசைக்க முடியவில்லை.

பெரகலயில் வர்த்தமானி என்ற சொல் இப்போது பழகிவிட்டது. 2019 ஜனவரி 28 அன்று கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 என்று வந்தது. ஆயிரம் வர 2021 மார்ச் மாதத்து வர்த்தமானி வேண்டியிருந்தது. 2024 மே தினத்தையொட்டி இன்னொன்று வந்தது, நாட்சம்பளம் 1700 என்று. இதுவும் கைப்பேசியில்தான் ஏறி வந்தது. இந்தத் தடவை எல்லோரும் படித்தார்கள். தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலை 4 அன்று உயர் நீதிமன்றம், 2096/70-ஐ நிறுத்திய அதே நீதிமன்றம், இதையும் நிறுத்தியது. பிறகு அரசாங்கமே அதைத் திரும்பப் பெற்றது. செப்டெம்பரில் வந்த புதுத் துண்டில் 1350 என்று இருந்தது.

போன மழைக்கு அதே கடையில் ஒதுங்கினேன். கடைக்காரரின் கைப்பேசி மாறியிருந்தது. பழைய படங்களைப் புதியதற்கு மாற்றியிருந்தார். தள்ளித் தள்ளிக் காட்டினார்: மகளின் பூப்புனித நீராட்டு, மீரியபெத்தையில் வைத்த ஒரு பதாகை, 2096/70, 1700.

"இது ரெண்டும் செல்லாததுண்ணே" என்றேன்.

"தெரியும். அழிக்க மனசு வரல்ல" என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார்.