கோபுரத் தொழிலாளியின் பை: ஒரு வரலாற்று நோக்கு

வானளாவும் கோபுரங்களையும் பாலங்களையும் பற்றிப் பேசும் வரலாறு, அவற்றை அமைத்த பொறியியலாளரின் பெயரையே பெரிதும் நினைவிற் கொள்கின்றது. உச்சியில் நின்று இரும்பை இணைத்தவனின் பையை அது திறந்து பார்ப்பது அரிது. அப்பையினுள் எவை இருந்தன, எவை இருக்கவில்லை என ஆராயின், உழைப்பவனின் உயிருக்குச் சமூகம் இட்ட விலை புலனாகும். ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு இதனை நோக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பையிலும் இடுப்பிலும் காணப்பட்டவை சுத்தியல், கயிறு, துளைகளை நேர்ப்படுத்துவதற்காக ஒரு முனை கூராக்கப்பட்ட திருகுசாவி முதலியனவாகும். இவை வேலையை முடிப்பதற்கான கருவிகள். விழுபவனைத் தாங்குவதற்கென அதில் பெரும்பாலும் எதுவும் இருக்கவில்லை. பாலம் அமைப்பதில் பத்து இலட்சம் டொலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பதே அக்காலத்தவரின் எதிர்பார்ப்பு.

இவ்வெதிர்பார்ப்பை மறுத்து நின்றது, 1933 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பமான கோல்டன் கேற் பால வேலை. தலைமைப் பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். பாலத் தளத்தின் கீழ் வலை விரிக்கப்பட்டது. அதில் வீழ்ந்த 19 பேர் உயிர் தப்பினர். ஆயின் 1937 பெப்ரவரி 17 அன்று சாரமொன்று வலையைக் கிழித்துக்கொண்டு வீழ்ந்தபோது 10 பேர் மாண்டனர். மனிதனைத் தாங்கிய வலையாற் சாரத்தின் பாரத்தைத் தாங்க இயலவில்லை.

தொழிலாளியின் உடலோடு இணைந்த காப்பாக நெடுங்காலம் பயன்பட்டது இடுப்புப் பட்டியாகும். அதுவும் குறையுடையதே. விழுபவனை அது தடுத்து நிறுத்தும்போது விசை முழுவதும் வயிற்றையும் முதுகையும் தாக்கும். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி அமையும் முழுவுடற் பட்டி அவ்விசையைப் பகிர்ந்தளிக்கின்றது. தொழிற் பாதுகாப்புச் சட்டம் 1970 இல் நிறைவேறிய போதிலும், கட்டட வேலைகளில் வீழ்ச்சியைத் தடுக்க இடுப்புப் பட்டியைப் பயன்படுத்தல் தடைசெய்யப்பட்டது 1998 சனவரி முதலாந் திகதியிலேயாகும். பாதுகாப்புச் சாதனங்களுட் பெரும்பாலானவற்றின் செலவைத் தொழில்கொள்வோரே ஏற்க வேண்டும் என்ற விதி 2008 இல் நடைமுறைக்கு வந்தது.

இன்று தொலைத்தொடர்புக் கோபுரம் ஏறுபவன் தன் பையில் முழுவுடற் பட்டியையும் இரு கொக்கிகளுடைய கயிற்றையும் வைக்கின்றான். ஒரு கொக்கியை மாட்டிய பின்னரே மற்றையதைக் கழற்றுவான். கருவிகளுக்கும் தனித்தனிக் கயிறுகள் உள. கைதவறிய திருகுசாவி கீழே நிற்பவனைக் கொல்லவல்லது.

கயிறும் பட்டியும் செய்யும் அறிவு மனிதனுக்கு நெடுங்காலமாகவே இருந்தது. அவற்றைத் தொழிலாளியின் பையில் வைக்கும் கடமை யாருடையது என்பதே காலந்தாழ்த்தித் தீர்க்கப்பட்ட வினா. அத்தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் உயரத்தில் நின்றோரேயாவர்.