தூரிகையும் மதுக்கோப்பையும்

கலைஞன் தன்னை அழித்துக்கொண்டால்தான் உயர்ந்த கலை பிறக்கும் என்னும் நம்பிக்கை கவிதை உலகில் ஆழ வேரூன்றியுள்ளது. மதுவில் மூழ்கி மாண்ட படைப்பாளர்களின் கதைகளை என் மாணவர் சிலர் பெருமிதத்துடன் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறேன். இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வாழ்வும், அதனைச் சித்திரிக்கும் 'பொல்லாக்' என்னும் திரைப்படமும் தக்க உரைகல்லாகும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படத்தை இயக்கி, தலைமைப் பாத்திரத்தையும் ஏற்றவர் எட் ஹாரிஸ். ஸ்டீவன் நைஃபேயும் கிரெகரி ஒயிட் ஸ்மித்தும் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற வாழ்க்கை வரலாற்று நூல் அதற்கு மூலம். பொல்லாக்கின் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னராக நடித்த மார்சியா கே ஹார்டன் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

பொல்லாக் 1912இல் வயோமிங் மாநிலத்தில் பிறந்தவர். இளமையிலேயே குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 1938இல் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றும் அது முற்றிலும் விடவில்லை. 1945இல் கிராஸ்னரை மணந்து, நியூயார்க் நகரை நீங்கி, லாங் தீவின் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் குடியேறினார். வீடு வாங்க முன்பணம் கடனாகத் தந்தவர் கலைப் புரவலர் பெக்கி குக்கன்ஹைம். வீட்டையடுத்த கொட்டிலே ஓவியக்கூடமாயிற்று. கித்தானைத் தரையில் விரித்து, நாற்புறமும் சுற்றிவந்து, குச்சியாலும் காய்ந்த தூரிகையாலும் வண்ணத்தைச் சொட்டவும் வீசவும் செய்யும் முறையை அவர் 1947 முதல் கையாண்டார்.

இவ்விடத்தில் ஆண்டுகளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1948இன் இறுதியில், உள்ளூர் மருத்துவர் ஒருவரின் துணையால் அவர் குடியை விட்டார். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் மதுவைத் தொடவில்லை. 'இலையுதிர்காலச் சந்தம்', 'ஒன்று: எண் 31' ஆகிய, ஐந்து மீட்டருக்கும் மிகுந்த அகலமுடைய பெரும்படைப்புகள் பிறந்த 1950ஆம் ஆண்டு அத்தெளிந்த காலத்துக்குள் அடங்குவது. அவ்வாண்டு நவம்பரில், அவர் ஓவியம் தீட்டுவதைப் புகைப்படக் கலைஞர் ஹான்ஸ் நமுத் திரைப்படமாக எடுத்து முடித்த நாளிலேயே அவர் மீண்டும் குடித்தார். விருந்து மேசையைக் கவிழ்த்தார். எட் ஹாரிஸ் இக்காட்சியை ஒப்பனையின்றிக் காட்டுகிறார். பின்னர் படைப்புகள் படிப்படியாகக் குறைந்தன. 1955க்குப் பின் தூரிகை ஓய்ந்தது.

1956 ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு, குடிபோதையில் பொல்லாக் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, நாற்பத்து நான்காம் வயதில் அவர் மாண்டார். உடன் சென்ற பெண்கள் இருவருள் ஒருவரும் உயிரிழந்தார். கலைஞனின் 'தன்னழிவு' என்று நாம் பாடும்போது அவ்விளம்பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கிராஸ்னர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். கணவர் கொட்டிலில் தீட்டிய காலமெல்லாம் மாடி அறையொன்றில் சிறிய ஓவியங்களைத் தீட்டிவந்தவர், அவர் மறைவுக்குப் பின் அக்கொட்டிலுக்குள் புகுந்தார். உறக்கமற்ற இரவுகளில் பேரோவியங்கள் படைத்தார். 1984இல் மறையும்வரை கலையுலகில் நின்று நிலைத்தார். அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் 1985இல் தோன்றிய பொல்லாக்–கிராஸ்னர் அறக்கட்டளை, தேவையுள்ள ஓவியர்களுக்கு நிதியுதவி அளிக்கும் நோக்குடையது.

பொல்லாக்கின் துயரை நான் எள்ளவில்லை, அது நோய். அந்நோயையே கலையின் ஊற்றெனப் போற்றுவதைத்தான் வரலாறு மறுக்கிறது. பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை ஒருவர் செவிமடுத்துக் கேட்டுவரும் நம் வட்டம், வீழும் கவிஞனுக்குக் கைதட்டும் அவையாக ஒருநாளும் ஆகாதிருக்கட்டும். அவன் வீட்டுக் கதவைத் தட்டும் கை நம்முடையதாக இருக்கட்டும்.