புல்வெளியில் ஒரு பள்ளிவாசல்

அமெரிக்காவில் இஸ்லாம் வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் டெட்ராய்ட், சிகாகோ போன்ற பெருநகரங்களையே நாடுகின்றனர். வடக்கு டகோட்டா மாநிலத்தின் மவுண்ட்ரெயில் கவுண்டியும் நம் கவனத்திற்குரியதாகும். கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 9,809 பேரே.

1862ஆம் ஆண்டின் குடிநிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வே நாட்டவர் இங்குக் குடியேறி லூத்தரன் தேவாலயங்களை எழுப்பினர். அதே காலத்தில் உதுமானியப் பேரரசின் சிரியப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்கள் ராஸ் என்னும் சிற்றூரைச் சுற்றி உழவராயினர். தொடக்கத்தில் வீடுகளில் கூடித் தொழுத அவர்கள், 1929இல் பாதி நிலத்தினுள் அமைந்த எளிய பள்ளிவாசலைக் கட்டினர். அருகில் மையவாடியும் அமைந்தது. மிச்சிகனின் ஹைலண்ட் பார்க்கில் 1921இலேயே ஒரு பள்ளிவாசல் எழுந்ததால், ராஸ் பள்ளியை நாட்டின் முதலாவது எனல் பொருந்தாது. மிகத் தொன்மையானவற்றுள் ஒன்று எனலாம்.

அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியும் 1930களின் வறட்சியும் பல குடும்பங்களை வெளியேற்றின. எஞ்சியோரின் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயின்றனர். அண்டைக் கிறித்தவக் குடும்பங்களுடன் மணவுறவு கொண்டனர். அரபு மொழி வீடுகளிலிருந்து மறைந்தது. தொழுவோரின்றிப் பாழடைந்த பள்ளிவாசல் 1970களில் இடிக்கப்பட்டது. மையவாடி மட்டும் நிலைத்தது. 2005இல் அவ்விடத்தில் குவிமாடத்துடன் கூடிய சிறிய பள்ளிவாசல் ஒன்று நினைவுச் சின்னமாய் எழுந்தது.

இக்குடியேறிகள் பெற்ற நிலம் எவருக்கு உரியதாயிருந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது. அது பூர்வகுடிகளின் மண். மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா ஆகிய மூன்று இனத்தாரின் ஃபோர்ட் பெர்தோல்டு ஒதுக்கீட்டு நிலத்தின் ஒரு பகுதி இக்கவுண்டியிலேயே உள்ளது. மிசௌரி ஆற்றின் குறுக்கே எழுந்த காரிசன் அணை 1953இல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது, அவர்களது வளமிக்க ஆற்றங்கரை வயல்களும், மருத்துவமனை இருந்த எல்போவூட்ஸ் என்னும் ஊரும் மூழ்கின. இடம்பெயர்ந்தோர் பலர் நியூ டவுன் என்ற புதிய ஊரில் குடியேறினர்.

இவ்விரு சமூகத்தாரின் நிலையை ஒப்பிடுவது பயன்தரும். பூர்வகுடிகள் இழந்தது மிகுதி. அதுவும் அரசின் வலுவால் இழந்தது. ஆயினும் அவர்களிடம் 1936 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பும் பேரவையும் இருந்தன. 1973இல் நியூ டவுனில் தமக்கெனக் கல்லூரியும் நிறுவி, தம் வரலாற்றையும் மொழியையும் கற்பிக்கலாயினர். ராஸ் முஸ்லிம்களையோ எவரும் விரட்டவில்லை. அவர்களிடம் தொழுமிடம் இருந்தது; அடுத்த தலைமுறைக்கு மார்க்கத்தையும் மொழியையும் கையளிக்கும் நிலையான கல்விக்கூடம் வேரூன்றவில்லை. எண்ணிக்கையில் சிறுத்துச் சிதறிய குழுவினருக்கு அது எளிதாகவும் இருந்திராது.

அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கடுங்குளிரிலும் வறுமையிலும் இறைவனுக்கோர் இல்லம் எழுப்பியோர் அவர்கள். எனினும் சிறுபான்மையாய் வாழும் ஜமாஅத்துகள் சிந்திக்கவேண்டிய பாடம் இதில் உண்டு. மையவாடி முன்னோரைக் காக்கும்; வருங்காலத்தைக் காப்பது கல்விக்கூடமே.